குருவிகளுக்கு விதைத்த கம்பு

அன்புள்ள ஐயா,

கோவில்பட்டிக்கு அருகே எங்களுக்கு 4 ஏக்கர் கரிசல் நிலம் உண்டு. கிணற்றை ஒட்டிய 20 சென்ட்டில், பறவைகளுக்கென்றே இரண்டு ஆண்டுகளாகப் புரட்டாசியில் கம்பு விதைத்து, அறுக்காமல் விட்டுவிடுகிறேன். முதல் ஆண்டு கிளிகள் பத்தே நாளில் தீர்த்துவிட்டன. சென்ற ஆண்டு கதிர்களில் பிசின்போல ஏதோ வடிந்து பாதி கெட்டது. சிட்டுக்குருவி ஒன்றுகூட வரவில்லை. வலை கட்டலாமா, மருந்து அடிக்கலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் பிசின் என்று எழுதியிருப்பது தேனொழுகல் நோயாக இருக்க வேண்டும். கம்பு பூக்கும் நாட்களில் மழைமூட்டமும் குளிர்ச்சியும் சேர்ந்துகொண்டால் பூஞ்சணம் சூலுக்குள் இறங்கி, முதலில் இளஞ்சிவப்பாகத் தேன்துளிபோல வடியும். பிறகு மணி பிடிக்க வேண்டிய இடத்தில் கரும்பழுப்பான கட்டியாக இறுகிவிடும். அந்தக் கட்டி மனிதருக்கும் மாட்டுக்கும் நஞ்சு என்பதால், அப்படிப்பட்ட கதிரைப் பறவைக்கென்று விட்டுவைக்காமல் பறித்து எரித்துவிடுங்கள். புரட்டாசியில் விதைத்தால் அடைமழையில்தான் பூக்கும். கிணறு இருக்கிறதே, மாசியில் விதையுங்கள். பங்குனி வெயிலில் பூக்கட்டும். சொந்த விதை என்றால் 10 லிட்டர் தண்ணீரில் 1 கிலோ உப்பைக் கரைத்து அதில் கொட்டி, மிதப்பதை அள்ளி எறிந்துவிட்டு, மூழ்கியதை இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசி உலர்த்திக்கொள்ளுங்கள். கடையில் சாயம் ஏறிய விதையை வாங்காதீர்கள். மருந்து கலந்த அந்த விதையைக் கவுதாரியும் மயிலும் விதைத்த அன்றே கிளறித் தின்றுவிடும்.

கிளிக்கு வலை வேண்டாம். கால் சிக்கிச் சாகும். தினைப்புனத்தில் கிளி ஓட்டியே நம் குறிஞ்சிப் பெண்களுக்குப் பகற்பொழுது கழிந்திருக்கிறது, ஓட்ட ஆளில்லாத புனத்தில் என்ன மிஞ்சும்? 20 சென்ட்டையும் ஒரே நாளில் விதைப்பதுதான் பிழை. ஐந்து ஐந்து சென்ட்டாகப் பிரித்து, 15 நாள் இடைவெளியில் விதைத்தால் ஏதாவது ஒரு பாத்தியில் எப்போதும் பால் பிடித்த கதிர் இருக்கும். ஒரு பாத்தியில் தினையோ குதிரைவாலியோ போடுங்கள், சில்லை என்னும் சின்னஞ்சிறு குருவிகளுக்குச் சிறுமணிதான் வசதி. கிளி தின்பதைவிடச் சிதறுவது அதிகம். அது புறாவுக்கு ஆகும்.

சிட்டுக்குருவி வீட்டை ஒட்டி வாழும் பறவை. ஊரை விட்டு விலகிய கிணற்றடியில் அதை எதிர்பார்ப்பது வீண் என்றே நினைக்கிறேன். உங்களுக்கு வர வேண்டியவை தூக்கணாங்குருவியும் சில்லையும். அவற்றுக்கு நெருக்கமான முள்வேலி வேண்டும். ஆள் அரவம் கேட்டதும் கூட்டமாக எழுந்து வேலிக்குள் புகுந்துகொண்டு, அடங்கிய பிறகே ஒவ்வொன்றாகக் கதிருக்குத் திரும்பும். வேலியைக் கழித்துக் கம்பி போட்ட ஆண்டு என் நிலத்தில் கதிர் நின்றது, குருவி இல்லை. மருந்து அறவே கூடாது. தூக்கணாங்குருவி தன் குஞ்சுக்கு ஊட்டுவது பெரும்பாலும் புழு, பூச்சிகளையே.

அறுக்காத நிலத்தில் பார்த்தீனியம் ஏறும். பூக்கும் முன்பே கையுறை போட்டுப் பிடுங்கிவிடுங்கள். தட்டையை மாட்டுக்கு அறுக்கும்போது வரிசை வரிசையாக விலக்கிப் பார்த்து அறுக்கச் சொல்லுங்கள், கதிர்க்குருவி அதற்குள்தான் கூடு கட்டியிருக்கும்.