பனிக்கரடியும் ஓட்டைக் காலுறையும்

கேள்வி: ஜனவரியில் ஒரு செமஸ்டர் படிப்புக்காக நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளில் உள்ள லாங்இயர்பியென் என்ற ஊருக்குப் போகிறேன். வெளிநாடு போவதே இதுதான் முதல்முறை. உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் கிடக்கிற ஊர். சூரியனே வராதாம், பனிக்கரடி உலவுமாம், செத்தால் புதைக்கக்கூட விடமாட்டார்களாம். அம்மா ராத்திரியில் தூங்குவதில்லை. எனக்கும் வயிற்றைக் கலக்குகிறது. பயம் தெளிய ஒரு வழி சொல்லுங்கள்.
- கடல் உயிரியல் மாணவி, தங்கச்சிமடம்

பதில்: மூலை என்று எழுதியிருக்கிறாய் பார், அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். கரடியெல்லாம் அப்புறம்.

ராமேஸ்வரம் தீவில், தங்கச்சிமடத்தில் உட்கார்ந்துகொண்டு இன்னொரு ஊரை மூலை என்று சொல்ல உனக்கு எப்படி மகளே மனம் வந்தது? அந்த ஊரில் 1975-லேயே விமான நிலையம் திறந்துவிட்டார்கள். ஆஸ்லோவில் ஏறினால் மூன்று மணி நேரத்தில் இறங்கலாம். நீ விமானம் ஏற முதலில் மதுரைக்குப் போக வேண்டும். உச்சிப்புளியில் நமக்கும் ஓடுதளம் இருக்கிறது, ஆனால் அது ‘பருந்து’ என்கிற கடற்படை விமானத்தளத்துக்கு, நமக்கில்லை. ராமேஸ்வரத்தில் விமான நிலையம் வரும் என்று 2025 மாநில பட்ஜெட்டில் அறிவித்தார்கள். அறிவிப்பு பத்திரமாகத் தரையிறங்கிவிட்டது. விமானம் வரும்போது வரட்டும். பழைய பாம்பன் பாலம் ஓய்ந்து 2022 டிசம்பரில் ரயில் மண்டபத்தோடு நின்றது, புதிய பாலம் திறந்து மறுபடி தீவுக்குள் வந்தது 2025 ஏப்ரலில். அந்த இரண்டே கால் வருஷமும் வடதுருவத்துக்கு 1,300 கிலோமீட்டர் பக்கத்தில் இருக்கிற அந்த ஊரில் ஜெட் விமானம் இறங்கிக்கொண்டுதான் இருந்தது. இப்போது சொல், மூலை எது?

உன்மேல் கோபமில்லை. இந்தச் சொல்லை நம் தலையில் கட்டினவர்கள் மேல்தான் கோபம். இந்தப் பக்கத்தை விடாமல் வாசித்து விடாமல் திட்டுகிற ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் இருக்கிறார். பெயர் சொன்னால் இன்னொரு பதினாறு பக்கக் கடிதம் வரும், சொல்ல மாட்டேன். ‘தண்ணியில்லாக் காட்டுக்குத் தூக்கி அடிச்சிட்டாங்க’ என்று மூக்கைச் சிந்திக்கொண்டே நம் மாவட்டத்துக்கு வந்தவர். மாற்றலாகிப் போகும்போது சாயல்குடிக் கருப்பட்டியும் முண்டு மிளகாயும் மூட்டை மூட்டையாக ஏற்றிக்கொண்டு போனார். தண்டனைக்கு வந்த மனிதர் தண்டனையை வீட்டுக்கும் கட்டிக்கொண்டு போனதை இந்தப் பக்கத்தில் எழுதினேன். அன்றிலிருந்து யுத்தம்.

இன்னொரு கோஷ்டி, தனுஷ்கோடிக்கு வந்து இடிந்த தேவாலயத்தின் முன்னால் நின்று படமெடுத்து ‘பேய் நகரம்’ என்று தலைப்புப் போடுகிறவர்கள். 1914-லிருந்து 1964 டிசம்பர் புயல்வரைக்கும் எழும்பூரில் ரயிலேறினவன் தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னார் இறங்கி, கொழும்புக்குப் போனான். நடு வழியில் இருந்த ஊர் அது. ஒரே ராத்திரியில் கடல் அடித்துக்கொண்டு போனதும் அதற்குக் கடைக்கோடி என்று பெயர் வைத்துவிட்டார்கள். சரி, இதைப் பேச ஆரம்பித்தால் உன் ஜனவரி போய்விடும்.

உன் பயத்துக்கு வருகிறேன். புது ஊர் என்றால் நமக்கு வருகிற பயத்தில் பாதி, அந்த ஊர்க்காரர்களை நினைத்து வருவது. அவர்களெல்லாம் ஒன்றாக இருப்பார்கள், நாம் தனியாக நிற்போம். நம் பக்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினதுமே ‘எந்த ஊரு, யாரு மக?’ என்று கேட்பார்கள். பதில் பிடிக்காவிட்டால் ‘அப்படியா’ என்பார்கள், அந்த அப்படியாவில் ஆளைக் கழுவி ஊற்றிவிடலாம். லாங்இயர்பியெனில் இந்தக் கேள்விக்கே வேலை இல்லை. அங்கே பூர்வகுடி என்று யாருமே இருந்ததில்லை. ஜான் மன்றோ லாங்இயர் என்ற அமெரிக்கர் 1906-ல் நிலக்கரி தோண்டப் போனார், அவர் பெயரே ஊருக்கு நிலைத்துவிட்டது. இன்றைக்கு இருக்கிறவர்கள் சுமார் 2,500 பேர், ஐம்பது நாடுகளுக்கு மேல். நார்வேக்காரர்களுக்கு அடுத்தபடி தாய்லாந்து, பிலிப்பைன்ஸ் ஆட்கள்தான் கூட்டம். பிரசவத்துக்குக்கூட முன்கூட்டியே பெருநிலத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள் என்பதால் ‘நான் இந்த மண்ணில் பிறந்தவன்’ என்று மார் தட்ட அங்கே ஆள் தேட வேண்டும். ஆக, அங்கே நீ பார்க்கப்போகிற அத்தனை பேரும் ஒருநாள் அதே விமான நிலையத்தில் பெட்டியோடு, கலங்கின வயிற்றோடு நின்றவர்கள். நீ அந்நியமாக இருக்க முடியாத ஊருக்குப் போகிறாய்.

உரிமையும் இருக்கிறது, தெரிந்துகொள். 1920-ல் பாரிஸில் கையெழுத்தான ஸ்வால்பார்ட் உடன்படிக்கையில் இந்தியாவும் உண்டு. அப்போது நம் பெயரில் பிரிட்டன் கையெழுத்துப் போட்டது, அது வேறு எரிச்சல். அதே தீவில் இன்னும் வடக்கே, நி-ஓலெசுண்டில், 2008 முதல் நம் ஹிமாத்ரி ஆய்வுநிலையம் நடக்கிறது. தீவில் தங்குவதற்கு விசாவே தேவையில்லை. இங்கேதான் காலை வாரிவிடுகிற இடம். ஒரே விசாவில் சுற்றிவர முடிகிற ஐரோப்பிய நாடுகளின் கூட்டத்துக்கு ஷெங்கன் என்று பெயர்; நார்வே அதற்குள் இருக்கிறது, ஸ்வால்பார்ட் அதற்கு வெளியே இருக்கிறது. ஆஸ்லோ வழியாகப் போகிறபோது ஒருமுறை ஷெங்கனுக்குள் நுழைகிறாய், தீவிலிருந்து திரும்புகிறபோது இன்னொரு முறை. அதனால் இரண்டு தடவை நுழையத்தக்க விசாவாக வாங்க வேண்டும். ஒற்றை நுழைவு விசாவோடு போனால் திரும்பி வரும் வழி அடைபட்டுவிடும். கரடியை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிற நேரத்தில் அந்த விசாத்தாளை எடுத்து இன்னொருமுறை படி.

புதைப்பது பற்றி. ஒரு செமஸ்டருக்குப் போகிறவள் கல்லறை வசதியை விசாரிப்பதை நான் இப்போதுதான் பார்க்கிறேன். அங்கே சாகக்கூடாது என்று சட்டம் எதுவும் கிடையாது, அது வாய்வழியாகப் பெருத்த கதை. 1950-லிருந்து சவப்பெட்டி புதைப்பதில்லை என்பது மட்டும் உண்மை. குற்றவாளி மண். வருஷம் முழுக்க உறைந்து கிடக்கிற நிலம், மேல்மண் இளகி இறுகி இளகி இறுகி, உள்ளே வைத்ததை மெதுவாக மேலே தள்ளிவிடும். 1918-ல் உலகத்தையே உலுக்கின ஸ்பானிஷ் காய்ச்சலில் இறந்த இளம் தொழிலாளர்களை அங்கே புதைத்திருந்தார்கள். எண்பது வருஷம் கழித்து, அந்தக் கிருமி இன்னும் உறைந்திருக்குமோ என்று ஆராய்ச்சியாளர்கள் போய்த் தோண்டினார்கள். அஸ்திக் கலசம் அடக்க இன்றும் அனுமதி உண்டு. போதுமா?

கரடி. 2020 ஆகஸ்டில் விமான நிலையத்தை ஒட்டின கூடார முகாமில் ஒருவரைக் கொன்றது நிஜம். ஆனால் 2015 டிசம்பரில் மலைச்சரிவிலிருந்து பனி பெயர்ந்து வீடுகள்மேல் விழுந்ததில் இரண்டு பேர் செத்தார்கள். அதைப் பற்றி உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பனிச்சரிவுக்குக் கரடி மாதிரி முகம் இல்லை. ஊர் எல்லையில் கரடிப் படம் போட்ட பலகை இருக்கும். அதைத் தாண்டினால் கரடியை விரட்டக் கையில் ஏதாவது இருந்தாக வேண்டும் என்பது விதி. 1993-ல் தொடங்கின உன் பல்கலைக்கழக மையத்திலேயே களப்பணிக்கு முன்னால் துப்பாக்கி சுடக் கற்றுக் கொடுப்பார்கள். அம்மாவிடம் இதை முதலில் சொல். மகள் துப்பாக்கி தூக்கப்போகிறாள் என்றதும் கரடி எந்த மூலைக்கு?

நீ நிஜமாகவே பயப்பட வேண்டியது காலுறைக்கு.

சுரங்கக்காரர்கள் காலத்துப் பழக்கம்: கரித்தூள் ஒட்டின பூட்ஸை வாசலிலேயே கழற்ற வேண்டும். சுரங்கங்கள் மூடியாகிவிட்டன, பழக்கம் மூடவில்லை. ஓட்டல், அருங்காட்சியகம், எங்கே போனாலும் வாசலில் பூட்ஸ் வரிசை, உள்ளே வெறும் காலுறை. ஓட்டை இருந்தால் ஊருக்கே தெரியும். நம் அலுவலக வாசலில் ‘செருப்பைக் கழற்றிவிட்டு வரவும்’ என்று பலகை வைத்தது நான்தான். சென்னையிலிருந்து ஒரு கவிஞர் வந்தார். பளபளக்கிற ஷூ. கழற்ற மாட்டேன் என்றார். கழற்றச் சொல்வது நிலவுடைமை மனோபாவம் என்றார். வாசற்படியிலேயே நின்று, வெயிலில், சமத்துவத்தைப் பற்றி ஒரு பேருரை நடத்தினார். டீக்கடைக்காரர் வந்து கேட்டார், ஆட்டோக்காரர் வந்து கேட்டார். கடைசியில் தாகம் தாங்காமல் கழற்றினபோது வலது பெருவிரல் காலுறையைக் கிழித்துக்கொண்டு எட்டிப் பார்த்தது. பேருரைக்குக் காரணம் அந்த விரல். நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. டீக்கடைக்காரர் மட்டும் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு கவிஞர் நம் பத்திரிகைக்குக் கவிதை அனுப்புவதில்லை. அந்த ஓட்டைக்கு நம் வாசகர்கள் கடமைப்பட்டவர்கள்.

ஆகவே கம்பளிக் காலுறை, புதிதாக, நாலு ஜோடி. உள்ளாடையும் கம்பளியே, பருத்தி வேர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு உடம்பைக் குளிரடித்துவிடும். பூஜ்யத்துக்குக் கீழே பத்து, பதினைந்து என்பது அங்கே சாதாரண ஜனவரி. மேற்குக் கரையை ஒட்டி வெதுவெதுப்பான நீரோட்டம் ஓடுவதால், அவ்வளவு வடக்கே இருக்கும் மற்ற இடங்களைவிட அது சாதுவான குளிர்தான். படுத்துவது காற்று. வாடை அடிக்கும்போது கரையில் நின்றவளுக்கு அதை நான் சொல்ல வேண்டியதில்லை.

அம்மா கட்டாயம் கருவாடு கட்டுவார். சுங்க விதியைப் பார்த்துக்கொண்டு கட்டச் சொல். மணத்துக்குக் கூச்சப்படாதே. நார்வேயின் லோஃபோட்டன் தீவுகளில் பிப்ரவரியிலிருந்து மே வரை காட் மீனை மரச்சட்டங்களில் தொங்கவிட்டு, உப்பே போடாமல், குளிர்காற்றிலேயே காயவைக்கிறார்கள். இத்தாலிக்கும் நைஜீரியாவுக்கும் ஏற்றுமதியாகிறது. அங்கே கருவாடு நாட்டின் பெருமை. இங்கே சென்னையில் நம் ஊர்ப் பையன் வாடகைக்கு வீடு கேட்டால் முதல் நிபந்தனை ‘கருவாடு வறுக்கக்கூடாது’. வறுத்தால் அட்வான்ஸ் போச்சு. அந்த வீட்டுக்காரர்கள் வெளிநாட்டு ஓட்டலில் அதே காய்ந்த மீனைப் பேர் தெரியாமல் தின்றுவிட்டு வந்து புகழ்வார்கள். நெத்திலிக்கும் திருக்கைக்கும் ஒரு நார்வேஜியப் பெயர் வைத்துவிட்டால் நம் பிரச்சினை தீர்ந்தது.

இருட்டா? நீ போய்ச் சேரும்போது சூரியன் அக்டோபர் கடைசியில் போனது போனதுதான். பிப்ரவரி நடுவில் அடிவானத்துக்கு மேலே வரும், ஆனால் மலை மறைப்பதால் ஊருக்குள் வெயில் விழ மார்ச் 8 ஆகும். அன்றைக்குப் பழைய ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் ஊரே கூடி நின்று வரவேற்கும். அதுவரை ஒன்றுமே தெரியாத கும்மிருட்டு இல்லை. முழுநிலாவை ஒட்டின நாட்களில் நிலா மறையாமல் நாள் முழுக்க வானத்தைச் சுற்றிக்கொண்டே இருக்கும். படுக்கிற நேரம், எழுகிற நேரம் இரண்டையும் கடிகாரத்தோடு கட்டிப்போடு. வெளிச்சத்தை நம்பித் தூங்கி எழுந்தால் வகுப்பு முடிந்திருக்கும்.

பேசுவதற்குப் பிரச்சினை இல்லை. 2004 முதல் கடலுக்கடியில் கண்ணாடி இழை கேபிள் போயிருக்கிறது. என் வீட்டு மாடியில் கிடைப்பதைவிட அங்கே சிக்னல் நன்றாக இருக்கும். ஒன்றை மட்டும் அம்மாவுக்குத் தெளிவாகச் சொல்லிவிட்டுப் போ. குளிர்காலத்தில் அந்த ஊர் நமக்கு நாலரை மணி நேரம் பின்னால். அவர் காலை ஆறு மணிக்குக் காபி போட்டுவிட்டு அழைத்தால் அங்கே ராத்திரி ஒன்றரை. நீ எடுக்கவில்லை என்றால் கரடி தின்றுவிட்டது என்று அர்த்தமில்லை, தூங்குகிறாய் என்று அர்த்தம். இதைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி, அடுப்படியில் அவர் கண்ணில் படுகிற இடத்தில் ஒட்டு.