கணினி கேள்வி – பதில்: தொடங்கும்போதே ரீஸ்டார்ட் ஆகும் கணினி

கேள்வி: எனது மேசைக் கணினியை இயக்கினால் விண்டோஸ் சின்னம் தோன்றி, அதன் கீழே புள்ளிகள் சுழலத் தொடங்குகின்றன. சில விநாடிகளில் நீலமாக ஏதோ மின்னி மறைகிறது. உடனே கணினி தானாக ரீஸ்டார்ட் ஆகி, மறுபடியும் அதே இடத்தில் விழுகிறது. சென்ற வாரம் கூடுதலாக ஒரு ரேம் பொருத்தினேன். அதே நாளில் கிராஃபிக்ஸ் கார்டின் டிரைவரையும் (அதை இயக்கும் மென்பொருளையும்) புதுப்பித்தேன். ஃபார்மேட் செய்துவிட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். பத்தாண்டுக் காலக் குடும்பப் புகைப்படங்கள் அதில் மட்டுமே உள்ளன. என்ன செய்வது?

பதில்: தயவுசெய்து இப்போது ஃபார்மேட் செய்ய வேண்டாம். பழுது ரேமில் இருந்தால் ஃபார்மேட் அதைத் தீர்க்காது. அதைவிட மோசமாக, பழுதுள்ள ரேமை வைத்துக்கொண்டு விண்டோஸைப் புதிதாக நிறுவினால், நிறுவப்படும் கோப்புகளே சிதைந்த நிலையில் டிஸ்கில் பதியக்கூடும். புகைப்படங்களையும் இழந்து, பழுதும் அப்படியே இருக்கும் நிலைக்குத் தாங்கள் போய்விடக் கூடாது.

விண்டோஸ் சின்னம் வரை கணினி வருகிறது என்பதே நல்ல செய்தி. மதர்போர்டில் பதிந்திருக்கும் தொடக்க மென்பொருளான பயாஸ் தன் சோதனையை முடித்து, டிஸ்கைக் கண்டுபிடித்து, விண்டோஸிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டது என்று அதற்குப் பொருள். புள்ளிகள் சுழலும் அந்தச் சில விநாடிகளில்தான் டிரைவர்கள் ஒவ்வொன்றாக நினைவகத்தில் ஏறுகின்றன. ஆகவே டிரைவரின் குறையும் ரேமின் குறையும் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் வெளிப்படும். தாங்கள் ஒரே நாளில் இரண்டையும் மாற்றியதால், இப்போது இரண்டின் மீதும் சந்தேகம் விழுகிறது. ஒன்றை மாற்றி, ஓரிரு நாட்கள் பயன்படுத்திப் பார்த்த பிறகு அடுத்ததை மாற்றியிருந்தால் தேடும் வேலை பாதியாகக் குறைந்திருக்கும்.

மின்னி மறையும் அந்த நீலத் திரையில்தான் கணினி தன் நோயைச் சொல்லிவிட்டுப் போகிறது. பழுது நேர்ந்தவுடன் தானாக ரீஸ்டார்ட் ஆக வேண்டும் என்பது விண்டோஸில் இயல்பாகவே அமைந்திருக்கும் ஏற்பாடு என்பதால், நாம் படிப்பதற்குள் அது மறைந்துவிடுகிறது. முதலில் இந்த ஏற்பாட்டை நிறுத்த வேண்டும். தொடக்கம் அடுத்தடுத்து இரண்டு மூன்று முறை தவறினால் பழுது நீக்கும் நீலப் பட்டியல் தானாகவே வரும். அங்கே ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் என்று வரிசையாகச் சென்று ரீஸ்டார்ட் கொடுத்தால் எண்களிட்ட பட்டியல் ஒன்று கிடைக்கும். அதில் 9 என்பது தானாக ரீஸ்டார்ட் ஆவதைத் தடுப்பது. 4 என்பது, அடிப்படை டிரைவர்களை மட்டும் ஏற்றித் தொடங்கும் சேஃப் மோடு. டிஸ்க் பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் இந்த வழியில் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கப்படலாம் என்பதால், அதை மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எடுத்து முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

9-ஐ அழுத்திய பின் திரை நின்றுவிடும். விண்டோஸ் 11-இன் அண்மைப் பதிப்புகளில் அது நீலமாக இல்லாமல் கறுப்பாக இருக்கும், செய்தி ஒன்றுதான். அதைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ‘வீடியோ டிடிஆர் ஃபெயிலியர்’ என்று இருந்தாலோ, கிராஃபிக்ஸ் டிரைவரின் கோப்புப் பெயர் அதில் காணப்பட்டாலோ டிரைவரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ‘மெமரி மேனேஜ்மென்ட்’ என்ற சொற்கள் ரேமை நோக்கிக் கைகாட்டுகின்றன, ஆனால் அது மட்டுமே முடிவான சான்று ஆகிவிடாது. இதைவிட நான் பெரிதும் நம்பும் அடையாளம் ஒன்று உண்டு: மூன்று நான்கு முறை தொடங்கிப் பாருங்கள், ஒவ்வொரு முறையும் வெவ்வேறு பிழைச் செய்தி வந்தால் ரேம்தான் குற்றவாளியாக இருப்பதற்கு வாய்ப்பு மிக அதிகம். ஒரே செய்தி, ஒரே கோப்பு என்று திரும்பத் திரும்ப வந்தால் அது டிரைவரின் குணம்.

அடுத்துச் சேஃப் மோடில் நுழைந்து பாருங்கள். அதில் கிராஃபிக்ஸ் கார்டின் சொந்த டிரைவர் ஏறாது. விண்டோஸின் அடிப்படை டிரைவரே திரையைக் கவனித்துக்கொள்ளும். அங்கே கணினி அமைதியாக ஓடினால், டிவைஸ் மேனேஜரில் கிராஃபிக்ஸ் கார்டைத் தேர்ந்தெடுத்து, ‘ரோல் பேக் டிரைவர்’ கொடுத்துப் பழைய பதிப்புக்குத் திரும்புங்கள். அந்தப் பொத்தான் மங்கிக் கிடந்தால் டிரைவரை நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் போதும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் பாதுகாப்பு மென்பொருளின் பழுதான அப்டேட் ஒன்றால், மைக்ரோசாஃப்டின் மதிப்பீட்டின்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. அவற்றில் பல தங்கள் கணினியைப் போலவே மீண்டும் மீண்டும் ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டிருந்தன. அன்று பரிந்துரைக்கப்பட்ட முக்கியத் தீர்வு, சேஃப் மோடில் சென்று அந்த ஒரு பழுதான கோப்பை நீக்குவதுதான். அந்தத் தீர்வுக்கு ஃபார்மேட் தேவைப்படவில்லை.

சேஃப் மோடிலும் விழுந்தால் புதிய ரேமைக் கழற்ற வேண்டும். கணினியை அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி, பவர் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்தி எஞ்சிய மின்சாரத்தை வெளியேற்றிவிட்டு, பெட்டியின் உலோகப் பகுதியை ஒருமுறை தொட்ட பின்பே உள்ளே கை வையுங்கள். என்னுடைய பழைய கணினி ஒன்று இதே போல் படுத்தியபோது, டிரைவர்களை எல்லாம் மாற்றிப் பார்த்து ஒரு முழு நாளை வீணாக்கினேன். கடைசியில் பெட்டியைத் திறந்து விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால், ரேமின் ஒரு முனை மட்டும் ஸ்லாட்டில் நூலளவு உயர்ந்து நின்றது. பொன்னிறப் பற்களில் ஒரு கீற்று வெளியே தெரிந்தது. ‘கிளிக்’ என்ற ஒலியோடு பக்கவாட்டுக் கொக்கி தானாக மூடும் வரை அழுத்தியதும் கணினி ஒழுங்காகத் தொடங்கிவிட்டது. ஆகவே கழற்றுவதற்கு முன் தங்களுடைய ரேம் சரியாக அமர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பழைய ரேமோடு மட்டும் கணினி சரியாக இயங்கினால், புதியதைத் தனியாகப் போட்டு விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்கோ மெம்டெஸ்ட் 86-ஓ ஓட்டிப் பாருங்கள். சோதனை முடியச் சில மணி நேரம் ஆகலாம். ஒரே ஒரு பிழை காட்டினாலும் அந்த ரேமை ஏற்காதீர்கள். தனித்தனியே இரண்டும் நன்றாக இருந்து, சேர்ந்திருக்கும்போது மட்டும் தகராறு செய்தால், பயாஸில் எக்ஸ்எம்பி போன்ற வேக அமைப்பை நிறுத்தி, இயல்பு வேகத்தில் வைத்துப் பாருங்கள்.

புகைப்படங்களைப் பொறுத்தவரை, சேஃப் மோடு கிடைத்தவுடன் வேறு எதையும் தொடும் முன் அவற்றை வெளி டிஸ்கில் நகல் எடுத்துவிடுங்கள். அது கிடைக்காவிட்டால், சந்தேகத்துக்குரிய ரேமைக் கழற்றிவிட்டு லினக்ஸ் பென் டிரைவிலிருந்து தொடங்கியும் நகல் எடுக்கலாம். நகல் எடுக்கும் முன், டிஸ்கைச் சோதிக்கும் செக்டிஸ்க் கட்டளையை ஓட்ட வேண்டாம்; டிஸ்கே பழுதாகிக்கொண்டிருந்தால் அந்தச் சோதனையின் பளுவே அதை முடித்துவிடலாம்.

கேள்வி: எனது கணினியில் திரையே வருவதில்லை. விசிறி இரண்டு விநாடி சுற்றி நிற்கிறது. பிறகு மீண்டும் சுற்றுகிறது. விண்டோஸைத் திரும்ப நிறுவ வேண்டுமா?

பதில்: வேண்டாம். விண்டோஸ் அந்த இடத்துக்கு வரவே இல்லை. பிராசஸருக்கு மின்சாரம் தரும் 4 அல்லது 8 முனை இணைப்பு, ரேம், கணினிக்கு மின்சாரம் வழங்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டி ஆகியவற்றை இந்த வரிசையில் பாருங்கள். மதர்போர்டில் உருளை வடிவக் கெப்பாசிட்டர்களின் தலை தட்டையாக இல்லாமல் உப்பியிருந்தால் மேற்கொண்டு இயக்காதீர்கள். ரேமைப் புதிதாக மாற்றியிருந்தால் மட்டும் சற்றுப் பொறுங்கள்: மதர்போர்டு புதிய ரேமைப் பழகிக்கொள்ளும்போது ஓரிரு முறை அணைந்தெழுவதுண்டு, டிடிஆர் 5 ரேமில் முதல் தொடக்கத்துக்குச் சில நிமிடங்கள்கூட ஆகலாம்.

கேள்வி: மின்சாரத்தைத் துண்டித்து வைத்த ஒவ்வொரு முறையும் தேதி பின்னோக்கிப் போய்விடுகிறது, அதன் பின் ‘இன்ஆக்சசிபிள் பூட் டிவைஸ்’ என்று நீலத் திரை வருகிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

பதில்: உண்டு. மதர்போர்டில் உள்ள காசு வடிவப் பேட்டரி தீர்ந்திருக்கிறது. அது தீர்ந்தால் கடிகாரத்தோடு பயாஸ் அமைப்புகளும் ஆரம்ப நிலைக்குத் திரும்பிவிடலாம். டிஸ்க் இயங்கும் முறையும் அப்போது மாறிவிடுவதால், விண்டோஸ் தன் டிஸ்கையே அடையாளம் காணாமல் நின்றுவிடுகிறது. புதிய 3 வோல்ட் பேட்டரியைப் பொருத்துங்கள். பெரும்பாலான மேசைக் கணினிகளில் அது சிஆர் 2032. பிறகு பயாஸில் டிஸ்க் இயங்கும் முறையை (சாட்டா முறை) முன்பு இருந்தபடி ஏஹெச்சிஐ என்றோ ரெய்டு என்றோ மாற்றிச் சேமியுங்கள். முன்பு எது இருந்தது என்று நினைவில்லையெனில், ஒன்றை வைத்துத் தொடங்கிப் பார்த்து, நீலத் திரை வந்தால் மற்றதற்கு மாற்றலாம். இதனால் கோப்புகள் அழியாது.