போர்க்குற்ற விசாரணையில் ஒரே ஒரு சாட்சியை நம்பித் தண்டிக்கலாமா?

சட்டப்படி தண்டிக்கலாம். முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கான ஹேக் தீர்ப்பாயம் இன்னொரு சாட்சி கட்டாயம் வேண்டும் என்று கேட்டதில்லை. ஆனால் அந்த ஒருவரின் பேச்சை எவ்வளவு கவனமாகச் சோதிக்க வேண்டும் என்பதற்குக் குப்ரெஷ்கிச் வழக்கைப் பாருங்கள்.

1993 ஏப்ரல் 16 அன்று, போஸ்னியாவின் அஹ்மிச்சி கிராமத்தில் விடியற்காலையில் நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். அன்று பார்த்த முகங்களை ஒரு சாட்சி அடையாளம் காட்டினார். பெரும்பாலும் அதை வைத்தே 2000-இல் ஜோரான், மிர்யான் என்ற குப்ரெஷ்கிச் சகோதரர்களுக்குத் தண்டனை கிடைத்தது. மறுவருடம் மேல்முறையீட்டில் இருவரும் விடுதலை! சாட்சி பொய் சொன்னார் என்பதல்ல காரணம். அரையிருள், பெரும் பயம், முகத்தை மறைத்திருந்த ஆட்கள். இந்தச் சூழலில் நேர்மையானவரும் ஆளை மாற்றிச் சொல்லலாம். சாட்சியின் உறுதியான தொனிக்கு விசாரணை நீதிபதிகள் அதிக எடை கொடுத்துவிட்டார்கள்.

அதற்காக, அதிர்ச்சிக்கு ஆளானவரை நம்பவே கூடாது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 1998-இல் ஃபுருன்ஜியா வழக்கில், பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணின் மனநிலையைக் காட்டி எதிர்த்தரப்பு அவர் நினைவைச் சந்தேகித்தது. மன அதிர்ச்சி உள்ளவரும் நம்பத்தகுந்த சாட்சியாக இருக்க முடியும் என்று தீர்ப்பாயம் தெளிவாகச் சொன்னது. என் பார்வையில் இரண்டுமே சரியான தீர்ப்புகள்தான்.