காசு கேள்வி-பதில்: ராஜா முகம் வேண்டாம், சிலுவையைப் பாருங்கள்

இங்கிலாந்தில் நர்ஸாக இருக்கும் மகள், மெட்டல் டிடெக்டர் வைத்து வயலில் தேடும் குழுவோடு போய் ஒரு வெள்ளிக்காசு எடுத்திருக்கிறாள். 18 மி.மீ., 1.3 கிராம். ஒரு பக்கம் கிரீடம் வைத்த முகம், மறுபக்கம் சிலுவை. எந்த ராஜா?
– வாசகர், குடியாத்தம்

முகத்தை விட்டுவிடுங்கள். இரண்டு கண், இருபுறமும் சுருள்முடி, மேலே கிரீடம்; எந்த ராஜா வந்தாலும் அதே பொம்மைதான்.

காசைத் திருப்புங்கள். இரட்டைக் கோட்டுச் சிலுவை உள்வட்டத்தோடு நின்றுவிட்டால் 1180–1247. இதில்தான் பலர் ஏமாறுவார்கள்: ரிச்சர்ட், ஜான் ராஜாக்கள் காலத்துக் காசிலும் ‘ஹென்ரிகஸ்’ (லத்தீனில் ஹென்றி) என்றே இருக்கும். இரட்டைக் கோடு விளிம்புவரை ஓடினால் 1247–1279. ஒற்றைத் தடித்த கோடாக விளிம்பைத் தொட்டு, நான்கு மூலையிலும் மும்மூன்று புள்ளி இருந்தால் 1279இல் முதலாம் எட்வர்ட் கொண்டுவந்த பென்னி (அக்கால இங்கிலாந்து வெள்ளிக்காசு) வகை. அதில் சிலுவையைச் சுற்றி ஊர்ப்பெயர் இருக்கும். ‘சிவி–டாஸ்–லன்–டன்’ (லத்தீனில் லண்டன் நகரம்) என நான்காக உடைந்து நின்றால் லண்டன் அச்சு.

எடை அடுத்த சாட்சி. ஒரு பென்னியின் எடை 1279இல் சுமார் 1.44 கிராம், 1351இல் 1.17, 1412இல் 0.97, 1464இல் 0.78. ஒற்றைக் கோட்டுச் சிலுவையாக இருந்தால், தேய்மானம் போக 1.3 என்பது 1351க்கு முந்தையது. ஆனால் அன்றைக்கே ஓரத்தைக் கத்தரித்து வெள்ளி திருடியவர்கள் உண்டு. வெளி எழுத்துகள் பாதி போயிருந்தால் தராசை நம்பாதீர்கள்.

மகளிடம் ஒன்று சொல்லுங்கள்: நிலத்துக்காரர் அனுமதி கட்டாயம். ஒற்றைக் காசு சட்டப்படி பெரும்பாலும் புதையல் ஆகாது. 300 ஆண்டுக்கு மேற்பட்ட வெள்ளிக்காசு ஒரே இடத்தில் இரண்டு கிடைத்தால் 14 நாளுக்குள் அங்குள்ள கொரோனரிடம் (மரணம், புதையல் பற்றி விசாரிக்கும் அதிகாரி) தெரிவிக்க வேண்டும்.

பாதியாக வெட்டிய இங்கிலாந்துக் காசு ஒன்று வாங்கினேன். போலியா? எப்படிச் சுத்தம் செய்வது?
– வாசகர், ஆற்காடு

வெட்டு சிலுவைக் கோட்டை ஒட்டிப் போயிருந்தால் சந்தேகப்பட வேண்டாம். 1279–80 வரை சில்லறை அப்படித்தான்: பாதி வெட்டினால் அரை பென்னி, கால் பங்காக வெட்டினால் ஃபார்திங், அதாவது கால் பென்னி. உங்கள் ஊர் ஆற்காடு ரூபாய் போல இதுவும் சுத்தியலால் அடித்தது. ஒரு பக்கம் எழுத்து மழுங்கியிருப்பதும் குறையல்ல.

புளி, விபூதி, பல்பொடி எதுவும் கூடாது. தேய்த்தால் எழுத்து போய்விடும். டிஸ்டில்டு வாட்டரில் ஊறவைத்து, மண் இளகியதும் மெல்லிய துணியில் ஒற்றி எடுங்கள். வளைந்திருந்தால் நிமிர்த்தாதீர்கள். மண்ணில் கிடந்த வெள்ளி அப்பளம்போல ஒடியும்.