மேப்பில் குடியாத்தத்தை அழுத்தினால் மழை சார்ட்டும் மாற, பவர் பிஐ-யில் டேபிள்களை எப்படி இணைப்பது?

பவர் பிஐ என்ற மைக்ரோசாஃப்ட் ரிப்போர்ட் மென்பொருளில் மேப்பையும் சார்ட்டையும் நேரடியாக முடிச்சுப் போட முடியாது, தேவையும் இல்லை. இரண்டும் ஒரே மழை டேபிளிலிருந்து எண்ணை எடுக்கட்டும்; ஊரும் தேதியும் அதற்கு வெளியே தனித்தனி டேபிளாக இருக்கட்டும். மீதியை பவர் பிஐ பார்த்துக்கொள்ளும்.

பொதுவாக மழைக் கணக்கின் எக்செல் ஷீட்டில் முதல் நெடுவரிசை தேதி, அடுத்து வேலூர், காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர் என ஊருக்கு ஒரு நெடுவரிசை. இப்படி அகலமாக வைத்தால் ஒன்றும் நடக்காது. பவர் பிஐ-க்குள் டேட்டாவைச் சீர்செய்யும் பவர் குவெரியில் தேதியை மட்டும் தேர்ந்தெடுத்து, ரைட் கிளிக், ‘அன்பிவட் அதர் காலம்ஸ்’. இப்போது ஒரு வரிக்கு ஒரு தேதி, ஒரு ஊர், ஒரு அளவு. 10 ஊர் என்றால் வருடத்துக்கு 3,650 வரி; அது ஒரு சுமையே இல்லை.

தேதி இங்கேதான் கெடும். 12/11/2021 என்பதை அமெரிக்க முறையில் படித்தால் நவம்பர் மழை டிசம்பருக்குப் போய்விடும். 13-ம் தேதியிலிருந்து எரர் வரும், அதனால் கண்டுபிடித்துவிடலாம். முதல் 12 நாட்கள்தான் சத்தமில்லாமல் மாறும். ‘யூஸிங் லொகேல்’ வழியாக இங்கிலிஷ் இந்தியா என்று கொடுத்து மாற்றுங்கள். அளவு பதிவாகாத நாளை வெற்றாக விடுங்கள். 0 போட்டால் மழையே பெய்யவில்லை என்றாகிவிடும்.

ஊர் டேபிளில் ஊருக்கு ஒரே வரி: குறியீடு, பெயர், தாலுகா, அட்சரேகை, தீர்க்கரேகை. பெயரை வைத்து இணைக்காதீர்கள்; மழை டேபிளிலும் ஊர்ப் பெயருக்குப் பதில் இதே குறியீடு இருக்கட்டும். குடியாத்தத்துக்கே இங்கிலிஷில் மூன்று ஸ்பெல்லிங் உண்டு, வாலாஜா கேட்கவே வேண்டாம். பெயரைக் கொடுத்து இடத்தைத் தேட விட்டால் நம் திருப்பத்தூர் சிவகங்கைப் பக்கத்துத் திருப்பத்தூராகிவிடலாம். வேலூருக்கு 12.92, 79.13 என்று எண்ணாகவே கொடுங்கள். இரண்டையும் மாற்றிப் போட்டால் புள்ளி நார்வேயின் ஸ்வால்பார்டில் பனிக்கு நடுவே நிற்கும்! இரண்டுக்கும் ‘டேட்டா கேட்டகிரி’யில் அட்சரேகை, தீர்க்கரேகை என்று கொடுத்து, ‘டோன்ட் சம்மரைஸ்’ என்று வையுங்கள். இல்லையென்றால் அட்சரேகையையும் கூட்டப் பார்க்கும்.

தேதி டேபிளை ‘கேலண்டர்’ ஃபங்ஷனால் உருவாக்குங்கள். நடுவில் ஒரு நாளும் விடுபடக் கூடாது. பிறகு டேபிள்களின் இணைப்பைக் காட்டும் மாடல் வியூவில் ஊர் டேபிளின் குறியீட்டை மழை டேபிளின் குறியீட்டோடும், தேதியைத் தேதியோடும் இழுத்து விடுங்கள். இரண்டும் ஒன்றுக்குப் பல (ஊர் டேபிளில் ஒரு வரிக்கு மழை டேபிளில் பல வரி), ஃபில்டர் மழை டேபிளை நோக்கி ஒருவழி. பலவுக்குப் பல என்று காட்டினால் ஊர் டேபிளில் ஏதோ ஒரு குறியீடு இருமுறை இருக்கிறது. அதைத் தேடி நீக்குங்கள், ஓகே அழுத்திவிட்டுப் போகாதீர்கள்.

சார்ட்டின் கீழ் அச்சுக்குத் தேதி டேபிளின் தேதி, மேப்புக்கு ஊர் டேபிளின் இடம், இரண்டிலும் அளவுக்கு மழையின் கூட்டுத்தொகை. மேப்பில் வட்டத்தின் அளவுக்கு மழையைக் கொடுக்காமல் விட்டால், நீங்கள் எந்த மாதத்தை அழுத்தினாலும் எல்லாப் புள்ளியும் அசையாமல் இருக்கும். தேதியின் ஃபில்டர் மழை டேபிள் வரைதான் வரும், அங்கிருந்து ஊர் டேபிளுக்கு ஏறாது. இதைப் பார்த்துத்தான் பலர் ஃபில்டரின் திசையை ‘போத்’ என்று இருவழியாக்குகிறார்கள். மழை டேபிள் போல இன்னொரு அளவு டேபிள் வந்தவுடன் அது குழப்பும்; மழை அளவைப் போட்டாலே போதும். கடைசியாக ‘எடிட் இன்டராக்ஷன்ஸ்’ போய் இரண்டு பக்கமும் ஃபில்டர் ஐகானைத் தேர்வு செய்யுங்கள்.

மாவட்ட வாரியாக நிறம் பூசுவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. 2019-ல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. 1989-க்கு முந்தைய வட ஆற்காட்டில் திருவண்ணாமலையும் சேர்த்தி. பழைய மாவட்டக் கூட்டுத்தொகையை இன்றைய எல்லையில் பூசினால், 2019-க்குப் பிறகு வேலூரில் மழை சரிந்ததாக சார்ட் பொய் சொல்லும். ஊர் டேபிளில் ‘இன்றைய மாவட்டம்’ என்று ஒரு நெடுவரிசை சேர்த்து, எல்லா வருடத்தையும் ஊரிலிருந்தே கூட்டுங்கள். வாணியம்பாடி எந்த வருடத்துக்கும் திருப்பத்தூரிலேயே விழும். மாவட்டத்துக்குக் கூட்டுத்தொகையை விட மழைமானிகளின் சராசரியே பொருத்தம், மாவட்டத்துக்கு மாவட்டம் மானிகளின் எண்ணிக்கை ஒரே மாதிரி இருக்காது.

எல்லாம் முடிந்ததும் ஊர் பெயரையும் மழையையும் ஒரு டேபிள் விஷுவலில் போட்டுப் பாருங்கள். ‘பிளாங்க்’ என்று ஒரு வரி வந்தால், மழை டேபிளில் உள்ள ஏதோ ஒரு குறியீடு ஊர் டேபிளில் இல்லை.