கணினிக் கேள்வி பதில்: லினக்ஸ் மடிக்கணினியில் மின்சிக்கனமும் விசைகளும்

கேள்வி: பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவன் நான். பழைய திங்க்பேட் டி480 ஒன்றை வாங்கி, டெபியன் என்னும் லினக்ஸ் வகையை நிறுவி, திரையில் சாளரங்களை அடுக்கித் தரும் ஐ3 சாளர மேலாளரைப் பயன்படுத்துகிறேன். மின்கலம் நீடித்து உழைக்க வேண்டுமென்று டிஎல்பி, ஆட்டோ சிபியு ஃப்ரீக் என்னும் மின்சிக்கன நிரல்கள் இரண்டையும் நிறுவியதோடு, கணினி தொடங்கும்போது பவர்டாப் நிரலின் தானியங்குச் சீரமைப்பும் இயங்கும்படி செய்தேன். பெரிய மாற்றம் தெரியவில்லை. யுஎஸ்பி சுட்டிதான் அடிக்கடி உறைந்துபோகிறது. திரையொளி விசைகளும் வேலை செய்யவில்லை. எவற்றை வைத்துக்கொள்ளலாம், ஐயா?
– வாசகர், ஈசூன்

பதில்: டிஎல்பியை வைத்துக்கொண்டு ஆட்டோ சிபியு ஃப்ரீக்கை நீக்கிவிடுங்கள். செயலியின் வேகத்தை ஆளும் கெர்னல் (இயங்குதளத்தின் கரு) அமைப்புகளில் இரண்டுமே எழுதுவதால், கடைசியாக எழுதியது எதுவோ அதுவே நிலைக்கும். ஒரே சுக்கானை இருவர் பிடித்த படகின் நிலைதான். சுட்டி உறைவதற்குப் பவர்டாப்பின் சீரமைப்பே காரணமாக இருக்க வேண்டும். அது யுஎஸ்பி கருவிகளையெல்லாம் பாகுபாடின்றித் தூங்கவைக்கும். டிஎல்பியோ விசைப்பலகை, சுட்டி போன்ற உள்ளீட்டுக் கருவிகளை இயல்பாகவே விட்டுவைக்கிறது.

பவர்டாப்பை முற்றிலும் தூக்கி எறிய வேண்டாம். இன்டெல் நிறுவனம் 2007-இல் வெளியிட்ட அக்கருவி, எந்த நிரல் மின்சாரத்தைக் குடிக்கிறது என்று கண்டறிவதற்கு இன்றும் சிறந்தது. மின்கம்பியைக் கழற்றிவிட்டு, கணினி எத்தனை வாட் செலவிடுகிறது என்று அதில் பாருங்கள். உங்கள் கணினியின் உள் மின்கலம் 24 வாட்-மணி கொண்டது. வெளி மின்கலமும் 24 வாட்-மணி வகையாக இருந்தால் மொத்தம் 48. செலவு 6 வாட் என்றால் 8 மணி நேரமும், 12 வாட் என்றால் 4 மணி நேரமும் கிடைக்கும். இது புதிய மின்கலத்துக்கான கணக்கு. பழைய மின்கலத்தில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதை டிஎல்பியின் நிலையறிக்கை காட்டும். தேய்ந்துபோன கொள்ளளவை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

இருப்பதைக் காப்பதற்குத்தான் டிஎல்பியைப் பரிந்துரைக்கிறேன். மின்னேற்றத்தை 75 விழுக்காட்டில் தொடங்கி 80-இல் நிறுத்தும்படி, திங்க்பேடின் இரு மின்கலங்களுக்கும் தனித்தனியே அதன் அமைவுக் கோப்பில் குறிப்பிடலாம். ஆண்டு முழுவதும் 31, 32 பாகை வெப்பத்தைக் காணும் நம் சிங்கப்பூரில், முழுமையாக ஏற்றப்பட்டு நாள்கணக்கில் செருகியபடியே கிடக்கும் லித்தியம் மின்கலம் விரைவில் மூப்படையும். க்னோம் அல்லது கேடிஇ என்னும் முழுமையான திரைச்சூழல்களைப் பயன்படுத்துவோருக்கு, மின்சிக்கன நிலையை மாற்றும் பவர் புரொஃபைல்ஸ் டீமன் என்னும் பின்னணி நிரலே போதும் என்பேன். அதன் மூன்று நிலைகளைப் பட்டியிலிருந்தே மாற்றிக்கொள்ளலாம். ஐ3-இல் அத்தகைய பட்டி இல்லாததால் உங்களுக்கு அதனால் அதிகப் பயனில்லை.

இனி விசைகள். முதலில் எஃப்என் விசையையும் எஸ்கேப் விசையையும் சேர்த்து அழுத்தி, எஃப்என் பூட்டு நிலையை மாற்றிப் பாருங்கள். அந்நிலையைப் பொறுத்து எஃப்5, எஃப்6 விசைகள் திரையொளியை மாற்றாமல் வெறும் எஃப் விசைகளாகவே இயங்கக்கூடும். அது காரணமில்லையென்றால், எக்ஸ்இவி நிரலைத் திறந்து விசையை அழுத்துங்கள். விசையின் பெயர் தோன்றினால் வன்பொருளில் குறையில்லை. ஐ3 அமைவுக் கோப்பில் அப்பெயரை ஒரு கட்டளையோடு இணைக்க வேண்டியதுதான் பாக்கி. அந்தக் கட்டளையாக எக்ஸ்பேக்லைட்டை எழுதச் சொல்லும் பழைய வழிகாட்டிகளைப் பின்பற்றாதீர்கள். இப்போது பரவலாக உள்ள மோட்செட்டிங் என்னும் திரை இயக்கியோடு அது ஒத்துழைப்பதில்லை. அதற்குப் பதிலாகப் பிரைட்னஸ்சிடிஎல் கட்டளை நன்றாக வேலை செய்யும். அனுமதி மறுக்கப்பட்டால் உங்கள் கணக்கை 'வீடியோ' என்னும் பயனர் குழுவில் சேருங்கள்.

ஐ3 தானே விசைகளைக் கவனிப்பதால் எக்ஸ்பைண்ட்கீஸ், எஸ்எக்ஸ்எச்கேடி போன்ற விசை இணைப்பு நிரல்கள் உங்களுக்கு வேண்டியதில்லை. மேலும் அவ்விரண்டும் எக்ஸ்11 என்னும் பழைய திரைக்காட்சி அமைப்பைச் சார்ந்தவை. பின்னாளில், அதற்கு மாற்றாக வந்த வேலண்டில் இயங்கும் ஸ்வே சாளர மேலாளருக்கு மாறினால் பயன்படாமல் போகும், ஐ3-க்கு எழுதிய இணைப்புகளோ பெரும்பாலும் அப்படியே செல்லும். விசைகளையே இடம்மாற்ற விரும்பினால், கெர்னல் உள்ளீட்டு மட்டத்தில் இயங்கும் கீடி நிரல் இரண்டு சூழலுக்கும் பொருந்தும். மூடியை மூடும்போது உறங்கவைக்கும் பொறுப்பை கணினியின் சேவைகளை ஆளும் சிஸ்டம்டியின் அங்கமான லாகின்டியிடமே விடுங்கள். மூடி, மின்பொத்தான் நிகழ்வுகளைக் கவனிக்கும் ஏசிபிஐடி நிரலிலும் அதே கட்டளையை எழுதிவைத்தால், மூடியைத் திறந்தவுடன் கணினி மீண்டும் உறங்கிவிடும் வேடிக்கையைக் காண நேரலாம்.

கேள்வி: என் புதிய மடிக்கணினியை உறக்கநிலையில் பைக்குள் வைத்தாலும் மின்னேற்றம் வெகுவாகக் குறைகிறது. டிஎல்பி உதவுமா?
– வாசகி, ஜூரோங் வெஸ்ட்

பதில்: டிஎல்பியை நிறுவுவதால் மட்டும் இது சரியாகிவிடாது. எவ்வகை உறக்கம் கிடைக்கும் என்று காட்டும் கெர்னலின் மெம் ஸ்லீப் கோப்பைத் திறந்து பாருங்கள். அதில் 'டீப்' (ஆழ்ந்த உறக்கம்) என்ற சொல்லும் இருந்தால், அதைத் தேர்ந்தெடுத்துச் சோதித்துப் பார்க்கலாம். 'எஸ்2ஐடில்' (லேசான உறக்கம்) மட்டுமே இருந்தால், ஆழ்ந்த உறக்கத்துக்கு உங்கள் கணினியின் ஃபர்ம்வேர் (வன்பொருளில் பதிந்துள்ள அடிப்படை மென்பொருள்) இடமளிக்கவில்லை என்று பொருள். அப்போது நினைவகத்தின் அளவுக்குக் குறையாத ஸ்வாப் இடத்தை வட்டில் ஒதுக்கி, நினைவகத்தில் உள்ளதை அதில் சேமித்துவிட்டுக் கணினியை அணைக்கும் ஹைபர்னேட் முறையைப் பயன்படுத்துங்கள்.