உங்கள் வீட்டில் இப்போது என்ன ஓடுகிறது?

"வீட்டில் இப்போது எந்த ஆல்பம் ஓடுகிறது, எழுதுங்கள்" என்று போன இதழில் கேட்டிருந்தேன். மதுரை சிம்மக்கல்லில் இருபது வருஷம் கேசட் ரெக்கார்டிங் கடை நடத்தியவன் நான். பாட்டு வரிசை எழுதிய சீட்டை யாராவது நீட்டினால், இவர் மனசுக்குள் என்ன இருக்கிறது என்று ஆசையாகப் பிரித்துப் பார்ப்பேன். உங்கள் கடிதங்களையும் அப்படித்தான் பிரித்தேன்.

? அப்பா 1985-ல் பதிவு செய்து வைத்த டி.எம்.எஸ். முருகன் பாட்டு கேசட்டைத்தான் தினமும் காலையில் போடுவேன். இப்போது குரல் இழுத்து இழுத்து வருகிறது. "எல்லாம் போன்லயே இருக்கும்மா" என்கிறான் மகன். போனில் 'கற்பனை என்றாலும்' முடிந்தால் வேறு ஏதோ வருகிறது. எனக்கு அடுத்து 'உள்ளம் உருகுதையா' வர வேண்டும். — வாசகி, திருநகர்

கேசட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் அம்மா. குரல் இழுத்தால் பெரும்பாலும் கேசட் மேல் தப்பிருக்காது. டேப் ரெக்கார்டருக்குள் ரப்பர் பெல்ட் தொய்ந்திருக்கும், இல்லையென்றால் டேப்பை அழுத்தி நகர்த்தும் ரப்பர் உருளையில் அழுக்கேறியிருக்கும். டேப் விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் சீராக ஓட வேண்டும். அந்தச் சீர் கெட்டால் டி.எம்.எஸ். குரலே ஆனாலும் தள்ளாடும். பெல்ட்டை மெக்கானிக் மாற்றித் தருவார். டேப் உரசிப் போகும்போது பாட்டைப் படிக்கும் ஹெட்டை நீங்களே துடைக்கலாம். காது குடையும் பஞ்சுக் குச்சியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டு மெதுவாகத் துடையுங்கள். பஞ்சில் காப்பிப் பொடி நிறத்தில் ஒட்டிக்கொண்டு வருவது டேப்பிலிருந்து உதிர்ந்த ஆக்சைடு, பாட்டு பதிந்திருக்கும் பூச்சு. அது போனாலே குரல் தெளியும். கேசட்டை வெளிச்சத்தில் பிடித்தும் பாருங்கள். சுருளின் மேல் வெள்ளையாகப் பூத்திருந்தால் அது பூஞ்சை. அப்படியே ஓட்டாதீர்கள், ஹெட்டில் ஒட்டி மற்ற கேசட்டுகளுக்கும் போகும்.

போனில் உங்களுக்குக் கிடைக்காதது உங்கள் அப்பா போட்ட வரிசை. 'கற்பனை என்றாலும்' வாலி சினிமாவுக்கு வருமுன் ஸ்ரீரங்கத்திலிருந்து அஞ்சலட்டையில் எழுதி அனுப்பியது. டி.எம்.எஸ். அதற்கு மெட்டுப் போட்டுப் பாடினார். 'உள்ளம் உருகுதையா' ஆண்டவன் பிச்சை என்ற அம்மையார் எழுதியது. எங்கெங்கோ பிறந்த இரண்டு பாட்டு, 1922-ல் நம் மதுரையில் பிறந்த ஒரு குரலில் வந்து சேர்ந்தன. ஒன்றன்பின் ஒன்றாக அவற்றை உட்கார வைத்தது உங்கள் அப்பா. அறுபது நிமிஷ கேசட்டில் பக்கத்துக்கு அரை மணி நேரம், ஆறேழு பாட்டுதான் கொள்ளும். எதை வைப்பது, எதை விடுவது என்று சீட்டை அடித்து அடித்துத் திருத்தியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஒருமுறை ஒருவருக்கு நேரத்தைத் தப்பாகக் கணக்குப் போட்டுவிட்டேன். ஏ சைடு கடைசியில் சரணத்தின் நடுவிலேயே பாட்டு நின்றுபோனது. மாற்றித் தருகிறேன் என்றேன், வேண்டாம் என்றுவிட்டார். அந்த இடம் வந்ததும் வீட்டில் பிள்ளைகள் மீதியைத் தாங்களே பாடி முடிக்கிறார்களாம்.

மகனை ஒரு காரியம் செய்யச் சொல்லுங்கள். ரெக்கார்டரின் இயர்போன் துளையிலிருந்து கம்பியூட்டருக்கு ஒயர் கொடுத்து, ஒரு பக்கம் முழுவதையும் ஒரே ஓட்டமாகப் பதிவு செய்யட்டும். பாட்டுப் பாட்டாக வெட்ட வேண்டாம். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் வரும் அந்த இரைச்சலும் இருக்கட்டும்.

? இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' ஆல்பத்தை இரண்டு வாரமாக பஸ்ஸில் கேட்கிறேன். பிடித்திருக்கிறது. பாட்டே இல்லாத இசையை எப்படிக் கேட்க வேண்டும்? — கல்லூரி மாணவர், உசிலம்பட்டி

1986-ல் அது வந்த சமயம் கடையில் ஓடவிட்டிருந்தேன். சினிமாப் பாட்டு பதிய வந்த ஒருவர், "பாட்டு எப்பண்ணே ஆரம்பிக்கும்?" என்று கேட்டார். பாட்டு கிடையாது என்றேன். ஏ சைடு முடியும் வரைக்கும் அவர் நகரவே இல்லை. ஏன் பிடித்தது என்று அவருக்கும் சொல்லத் தெரிந்திருக்காது தம்பி. அதைத் தெரிந்துகொண்டுதான் கேட்க வேண்டும் என்றில்லை.

ஆனால் பஸ்ஸில் மட்டும் கேட்டால் பாதிதான் கேட்டிருக்கிறீர்கள். இன்ஜின் சத்தம் அடி ஸ்வரங்களைத் தின்றுவிடும். ராத்திரி வீடு அடங்கியதும் போடுங்கள். முதல் தடவை வி.எஸ். நரசிம்மனின் வயலின் பின்னாலேயே போங்கள். இரண்டாம் தடவை வயலினை விட்டுவிட்டு அடியில் ஓடும் கனத்த தந்திகளை மட்டும் பிடியுங்கள். ஒரு வாத்தியம் சொன்னதையே அடுத்தது கொஞ்சம் பிந்திச் சொல்லும். அதற்குள் முதல் வாத்தியம் வேறு பேச்சுக்குப் போயிருக்கும். இரண்டும் ஒன்றோடொன்று மோதாமல் ஓடும். ஐரோப்பாவில் பாக் என்ற இசை மேதை அந்த வித்தையின் உச்சத்தைத் தொட்டவர். இந்த ஆல்பத்தை ராஜா அவருக்கும் தியாகராஜருக்கும் காணிக்கை ஆக்கியிருக்கிறார். இந்த இரண்டு பெயரையும் மனசில் வைத்துக்கொண்டு மூன்றாம் தடவை கேளுங்கள்.

நீங்கள் பஸ் ஏறும் அதே ரோட்டில் மேற்கே போனால் தேனி, அதையும் தாண்டிப் பண்ணைப்புரம். அந்த ஊரிலிருந்து ஒருவர் பாக் வரைக்கும் நடந்திருக்கிறார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கிறது. இது நன்றாகப் பழகியதும் 'நத்திங் பட் விண்ட்' போடுங்கள். 1988-ல் வந்தது, ஹரிபிரசாத் சௌரசியாவின் புல்லாங்குழல். அவசரப்படாதீர்கள், ஒரு மாசம் போகட்டும்.

? மதுரை சேதுராமன் - பொன்னுசாமி சகோதரர்களின் நாகஸ்வரம்தான் எங்கள் வீட்டில். மகள் ஹெட்போனில் கேட்டுவிட்டு "காது வலிக்குதுப்பா" என்கிறாள். — வாசகர், சோழவந்தான்

பிள்ளை சொல்வது சரி. பிராகாரத்துக்கும் தேர் வீதிக்கும் பிறந்த வாத்தியத்தைக் காதுக்குள் திணித்தால் வலிக்கத்தான் செய்யும். ஸ்பீக்கரைக் கூடத்தில் வைத்துவிட்டு அவளைத் திண்ணையில் உட்காரச் சொல்லுங்கள். சுவரில் பட்டுத் திரும்பி வரும்போதுதான் நாகஸ்வரம் இனிக்கும். 'தில்லானா மோகனாம்பாள்' (1968) படத்தில் சிவாஜி வாசிக்கும் நாகஸ்வரம் இவர்கள் ஊதியது என்று முதலில் அந்தக் காட்சியைக் காட்டுங்கள். அப்புறம் அவளே கேட்பாள்.

? பழைய எல்.பி. ரெக்கார்டு வாங்க ஆசை. முதலில் தட்டு வாங்கவா, பிளேயரா? — மேலூர்

பிளேயர், அதிலும் நல்ல ஊசி. தேய்ந்த ஊசி தட்டையும் சேர்த்துக் கெடுக்கும். தட்டுகளை நிற்க வைத்து அடுக்குங்கள். நம் ஊர் சித்திரை வெயில் படுகிற இடத்தில் வைத்தால் அப்பளமாக வளைந்துவிடும்.

? எங்களைக் கேட்டீர்கள். உங்கள் வீட்டில் என்ன ஓடுகிறது என்று சொல்லவில்லையே? — பலர்

கர்நாடக சங்கீத வித்வான் மதுரை மணி ஐயர். 1912-ல் பிறந்து 1968-ல் மறைந்தவர். கேசட்டுக்கு முந்தைய பெரிய சுருள் டேப்பான ஸ்பூல் டேப்பில் பிடித்த அவருடைய கச்சேரி ஒன்றை இந்த மாசம் முழுக்க, ராத்திரி ஒன்பதுக்கு மேல், முதலிலிருந்து கடைசி வரை கேட்கிறேன். நடுவில் யாரோ இருமுகிறார்கள், யாரோ "ஆகா" என்கிறார்கள். அந்த இருமல் எப்போது வரும் என்றுகூட இப்போது தெரிந்துவிட்டது.

அதில் காம்போதி ராகத்தில் 'காணக் கண் கோடி வேண்டும்' இருக்கிறது. பாபநாசம் சிவன் மயிலாப்பூர் கபாலி பவனியைப் பார்த்துப் பாடியது. எனக்கோ கேட்கக் கேட்க மாசி வீதியில் மீனாட்சி புறப்பாடு வருவதுதான் கண்ணில் நிற்கிறது. ஸ்வரம் பாட ஆரம்பித்தால் கணக்குப் போட்டு மிரட்டுவது அவரிடம் கிடையாது. தாளத்தின் நடையோடு நடையாக, வாய்க்கால் தண்ணீர் மாதிரி ஸ்வரம் ஓடும். என் கை தானாகத் தொடையைத் தட்டும்.

முந்தாநாள் எதிர்வீட்டுத் தம்பி பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தான். ஜன்னலைச் சாத்தத்தான் எழுந்து வருகிறான் என்று நினைத்துச் சத்தத்தைக் குறைக்கப் போனேன். "சார், அந்த ஸ்வரம் வர்ற இடத்த இன்னொரு தடவ போடுங்க" என்றான். போட்டேன்.